கவர் மாறிப்போன ஸ்தோத்திரம்

மாமல்லபுரம்
ஞாயிறு மாலை

கர்த்தருக்குள் பிரியமான மகன் நிதினுக்கு அப்பா எழுதுவது. அவருடைய கிருபையால் நானும் அம்மாவும் நல்ல சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகள் ஸ்வாதியும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். போன் இருக்கும்போது இந்த மனுஷர் ஏன் தபால் தலை ஒட்டுகிறார் என்று நீ சிரிப்பாய். போனில் சபை, ஜெபம் என்று பேச்சை எடுத்தால் அது மட்டும் வேண்டாம் அப்பா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, மடித்து மேசையில் போட்டாலும் என்றைக்காவது ஒரு நாள் கை அதன் மேல் போகும்.

முதலில் சந்தோஷமான செய்தி. அம்மாவின் கண் ஆபரேஷன் செங்கல்பட்டில் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, ஒட்டடை எங்கெங்கே தொங்குகிறது என்று எனக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டாள், நான் கூட்டிப் பெருக்கின லட்சணம் இத்தனை நாள் அவளுக்குத் தெரியாமல் இருந்தது கண்புரை எனக்குச் செய்த உபகாரம். மழையும் இந்த வருஷம் கோபப்படாமல் பெய்கிறது, கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிறது. நன்றி சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறையவே இருக்கிறது, அப்படி நன்றி சொல்லப் போன இடத்தில்தான் ஒரு கூத்து நடந்தது.

நம் சபையில் ஸ்தோத்திர காணிக்கைக்கு ஒரு கவர், ஜெப விண்ணப்பத்துக்கு ஒரு கவர், உனக்குத் தெரியும். அம்மாவின் கண்ணுக்காக ஸ்தோத்திரமும் உனக்காக விண்ணப்பமும் எழுத ஒரே நேரத்தில் உட்கார்ந்தேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிஃப்ட் லாக் புத்தகத்தில் ஒரு வரிக் குறிப்பு எழுதியே பழகின கை, எதையும் நீட்டி எழுத வராது. ஒரு சீட்டில் ஞானம்மாள், கண் ஆபரேஷன் என்றும் இன்னொன்றில் மகன் நிதின், சபைக்குத் திரும்புதல் என்றும் எழுதிக் கவரில் போட்டு ஒட்டினேன். சீட்டு இரண்டும் மாறிப்போய்விட்டது தம்பி. ஆராதனையில் போதகர் ஐயா ஸ்தோத்திரக் கவர்களைப் பிரித்து வாசித்துக்கொண்டே வந்தவர், கிருபாகரன் ஐயா குடும்பத்தார், மகன் நிதின் சபைக்குத் திரும்பியதற்காக ஸ்தோத்திரம் என்றார். சபை முழுக்க ஆமென். அடுத்து விண்ணப்பம், ஞானம்மாள் அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக நடக்க ஜெபிப்போம் என்று அவர் உருக்கமாக ஆரம்பித்தார், அம்மா கறுப்புக் கண்ணாடியோடு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

வெளியே வந்தால் ஆளுக்கு ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துகிறார்கள். குழந்தையை நீங்கள் இழந்தபோது நம்மோடு உபவாசம் இருந்தவர்கள், அதன்பின் நீ சபையை விட்டதையும் அறிந்தவர்கள் அவர்கள். வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை, சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம், போதகரிடம் போய்த் தப்பு என்று சொல்ல வேண்டும் என்றேன். அவளோ, "இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு நடக்கப்போறதுதானே, முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொன்னதா இருந்துட்டுப் போகட்டும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு விசுவாசம் உண்டு, எனக்குக் கணக்குத்தான் உண்டு. நீ போகாத இடத்துக்குப் போனதாக ஊரெல்லாம் நம்புவது உனக்குச் செய்கிற அநியாயமாகப் பட்டது. உன் துக்கத்துக்கு முடிவு எழுத நான் யார்?

அதனால் அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். போன வாரம் வாசித்தது என் கைத்தவறு, என் மனைவியின் கண் சரியாகிவிட்டது, என் மகன் இன்னும் திரும்பவில்லை என்று சொன்னேன். கண் விஷயத்துக்குச் சிரித்தவர்கள் அடுத்த வார்த்தைக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு என்னவோபோல் ஆயிற்று. உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் உன்னை நானே ஊரறியக் கைவிட்டது போல இருந்தது. அன்றைக்குப் பிரசங்கம் செய்யச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார், நம்மில் நல்ல வேலையைத் தொடங்கினவர் அதை முடிக்காமல் விடமாட்டார் என்பதுதான் பேச்சு. இந்தப் பக்கம் வருகிற பிரசங்கியார் யாரானாலும் சிற்பியின் கல்லையும் உளியையும் உவமைக்கு எடுக்காமல் போகமாட்டார்கள், அவரும் எடுத்தார். எனக்கு அது ஒட்டவில்லை. கல்லுக்கு வலிக்காது, என் பிள்ளைக்கு வலித்தது. முடிந்ததும் போதகர் ஐயா தனியாகக் கூப்பிட்டு, சபை நோட்டில் ஸ்தோத்திரப் பக்கத்தில் ஏறியிருக்கிற கவர் விஷயத்தை விண்ணப்பப் பக்கத்துக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நடுவாரத்தில் உன் மாமனார் ராஜாராம் அச்சரப்பாக்கத்திலிருந்து வேர்க்கடலை மூட்டையோடு வந்தார். காபி குடிக்கும்வரை லாரி டயர் விலையைப் பேசிக்கொண்டிருந்தவர் டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார். "சம்பந்தி, ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். பொண்ணு அவங்க அம்மாவாண்ட சொல்லிகினு இருந்துச்சு. மாப்ள தட்டு முன்னால குந்துனதும் கண்ண மூடிக்கிறாராம். அப்பால இன்னாமோ ஞாபகம் வந்தாப்பல சட்டுனு தொறந்துக்கினு சாப்புடுறாராம். தெனமும் இப்டித்தான் கீதாம். தல கில சுத்துதா, டாக்டராண்ட இட்டுகினு போவணுமா?" என்றார். நம் வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் நாம் ஜெபிக்கிற நேரம் பார்த்துக் கை கழுவப் போய்விடுவார் இல்லையா, தட்டு முன்னால் கண் மூடுவது ஜெபத்துக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும். அம்மா அடுக்களை வாசலில் கேட்டுக்கொண்டு நின்றவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அவர் முன்னால் அழுதுவிட்டேன். பெரிய வியாதி போலிருக்கிறது என்று அவர் பயந்தே போனார். ஒன்றுமில்லை, மாப்பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான் என்று சொல்லித் தேற்றி அனுப்பினேன்.

அவர் போனதும் போதகருக்குப் போன் செய்தேன், அந்தக் கவர் ஸ்தோத்திரத்திலேயே இருக்கட்டும் ஐயா, மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மட்டும் அம்மா ஒட்டடையைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்வாதியைக் கோபிக்காதே, அவள் புகார் சொல்லவில்லை, உன்மேல் உள்ள அக்கறையில் சொன்னது. சபைக்குப் போ என்று கட்டாயப்படுத்தவும் நான் இதை எழுதவில்லை. குழந்தை ஏன் போனது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர் போலப் பேச வந்தவர்களை நான் வாசலோடு அனுப்பிவிட்டேன். என்னிடம் இருந்த விசுவாசம் எல்லாம் போய்விட்டது அப்பா, இனிமேல் எனக்காகக்கூட ஜெபிக்காதீர்கள் என்று நீ சொன்னாய். அதில் முதல் பாதியை நான் நம்பினேன், இரண்டாவது பாதிக்கு மட்டும் கீழ்ப்படியவில்லை. இப்போது முதல் பாதியையும் நம்பவில்லை. நீ மூட வேண்டும் என்று நினைக்காமலே உன் கண் மூடுகிறதே, அது நானும் அம்மாவும் கற்றுக்கொடுத்த பழக்கம் மட்டும் என்றால் இவ்வளவு துக்கத்தைத் தாண்டி நின்றிருக்காது. நீ விட்டுவிட்டாய், சரி. கர்த்தர் உன்னை விட்டுவிட்டார் என்று யார் சொன்னது? உன்னில் தொடங்கினது நீ அல்ல, அதனால் முடிக்கிற பாரமும் உன்மேல் இல்லை. அது எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது, நான் இருந்து பார்ப்பேனா என்றும் தெரியாது. பார்க்காவிட்டாலும் எனக்கு நிம்மதிதான், இப்போதே நன்றி சொல்லிவிட்டேன்.

ஸ்வாதி இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள். சம்பந்தி கொடுத்த கடலையில் பாதியை அம்மா வறுத்துப் பொடித்து எடுத்துவைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறோம். நாள்தோறும் உங்கள் இருவரையும் சுமக்கிறவர் பெலன் தந்து, சமாதானம் தந்து, தாம் தொடங்கினதைத் தம் நேரத்தில் நிறைவாக்குவாராக. அம்மா தன் பங்குக்கு ஆசீர்வாதமும் முத்தமும் எழுதச் சொன்னாள். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். சாப்பிட உட்கார்ந்து கண் தானாக மூடினால் உடனே திறந்துவிடாதே. ஒன்றும் சொல்ல வேண்டாம் தம்பி, சோறு கொஞ்சம் ஆறினால் ஆறட்டும்.

உன் அன்பு அப்பா
ஞா. கிருபாகரன்