மொக்கையன் கிடைத்துவிட்டார்

அருப்புக்கோட்டை,
ஞாயிறு காலை

அன்பு மகள் சங்கரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்த இங்கிலாந்துக் குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு தும்மல்கூட வராமல் இருக்கட்டும். நரிக்குடிப் பக்கம் நல்ல மழையாம், இங்கே தூறலோடு போய்விட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

நான் ரிட்டயர் ஆகிச் சும்மா இருக்க முடியவில்லை என்று புலம்பியபோது, நூறு வருஷத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் கடற்படைப் பதிவேடுகளைப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் தன்னார்வ வேலையில் நீதானே சேர்த்துவிட்டாய். முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீஸில் கிறுக்கல் முகவரிகளைப் பிரித்த கண்ணாயிற்றே, அந்தக் கோழிக்கால் எழுத்தெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. போன மாதம் 1917ஆம் வருஷத்துப் பக்கம் ஒன்று வந்தது, கப்பல் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களின் பட்டியல். அதில் ஒரு பெயர் மொக்கையன், தகப்பன் சந்தனம். ஒரு பக்கத்தை மூன்று பேர் படிப்போம், மற்ற இருவரும் ஊரைத் திருச்சிராப்பள்ளி என்று ஏற்றியிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அது நம் பக்கத்துத் திருச்சுழி, சங்கரி! கீழே பொடியாக ரெட்டிபட்டி என்றும் இருந்தது, நம் எம்.ரெட்டியபட்டியைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். நான்கு நாள் எழுதி எழுதி வாதாடினேன், கடைசியில் ஒருங்கிணைப்பாளர் அம்மாவே நான் சொன்னதுதான் சரி என்று திருத்திவிட்டார்.

அந்தப் பேரில் ஊருக்கு நாலு பேர் இருப்பாக, விடு என்றார் அப்பா. நான் விடவில்லை, அந்த மொக்கையன் வீட்டாரைத் தேடி அவரையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் எம்.ரெட்டியபட்டி போய்விட்டேன். முன்காலத்தில் கப்பலுக்குப் போனவர் வீடு எது என்று டீக்கடையில் கேட்டதற்குத் தங்கபாண்டி வீட்டைக் காட்டினார்கள். எழுபத்து நான்கு வயது, இன்னும் பருத்தி போடுகிறார். மொக்கையன் என்றதும் முகம் சுண்டிவிட்டது. ஓடிப்போன ஆளப் பத்தி இப்ப என்னத்துக்கு என்றார். அவருடைய தாத்தாதானாம். கைக்குழந்தையாக இருந்த தங்கபாண்டியின் அப்பாவையும் மனைவியையும் விட்டுவிட்டுக் கொழும்பில் கப்பல் ஏறியவர், அப்புறம் தகவலே இல்லை. ரங்கூனில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்று ஊரே பேசியதாம். எம்பேரு அவரு பேராத்தான் இருந்திருக்கணும், ஓடிப்போனவன் பேரு வேண்டாம்னு எங்கய்யா மாத்திட்டாக என்றார். அடையாளம் ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். இடது கையில சுண்டுவிரலு பாதி இருக்காதாம், கெணறு வெட்டயில கல்லு விழுந்து நசுங்கிருச்சாம் என்றார். உடனே போனில் அந்தப் பக்கத்தின் படத்தை எடுத்துப் பார்த்தேன், சங்கரி. அடையாளக் குறிப்பில் அப்படியே இருந்தது, இடக்கைச் சுண்டுவிரல் பாதி இல்லை என்று!

போனில் இருந்த படத்தைக் காட்டி மிச்சத்தையும் வாசித்தேன். ஓடவில்லை ஐயா, 1917 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, நிமோனியாக் காய்ச்சலில், இங்கிலாந்தில் பிளிமத் துறைமுக ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார், வயது இருபத்து நான்கு என்றேன். கூட இருந்த சாமான்களையும் எழுதியிருந்தார்கள். கம்பளி ஒன்று, பித்தளைத் தட்டு ஒன்று, குழந்தைச் சட்டை ஒன்று, புதியது. புதுசுன்னா போட்டிருக்கு என்று மூன்று தடவை கேட்டார். எங்கய்யாவுக்கு வாங்கினது என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல் அந்த வீட்டில் இதுவரை அவருக்குத் திதியே கொடுத்ததில்லை. நேற்று அமாவாசைக்குத் திருச்சுழி ஆற்றங்கரையில் கொடுத்தார்கள், எங்களையும் அழைத்திருந்தார்கள். ஐயர் பெயர் கேட்டதும் தங்கபாண்டி மொக்கையன் என்று போட்ட சத்தத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. இன்னும் எத்தனை பக்கம் கிடக்கிறதோ, இன்றைக்கு விடிந்ததுமே உட்கார்ந்துவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக, குறையில்லாமல் இருக்க வேண்டும். இராத்திரி சோற்றைத் தவிர்க்காதே. பிளிமத் உனக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தானாமே, இந்த மாதமே போய்விட்டு வா. கல்லறை இருக்கிறதோ இல்லையோ, போ. ஒங்க பாப்பா அங்கனதான இருக்கு, இம்புட்டு நாளா தப்பா நெனச்சுட்டோம்னு அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க என்று தங்கபாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தமிழிலேயே சொல்.

ஆசிகளுடன்,
உன் அம்மா வேணி