தண்ணீர்ச் சபையின் கடன்பத்திரம்

மெல்பேர்ன்
18.2.1976

அன்பின் இராசமலருக்கு,

நான் நல்ல சுகம். நீரும் பிள்ளைகளும் சுகம்தானே? மாமியின் இருமல் குறைந்துவிட்டதா?

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டதால் இப்போது சொல்கிறேன், பயப்பட வேண்டாம். உங்கள் பயணத்துக்குச் சேர்த்த பணத்தை இங்குள்ள ஒரு சிற்றூரின் தண்ணீர்ச் சபைக் கடன்பத்திரத்தில் போட்டிருந்தேன் அல்லவா? தவணை முடிந்தும் சபையால் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை.

"சபை தராட்டி கொம்பனி தரும் எண்டு பத்திரத்துக்குக் காப்புறுதி இருக்குத்தானே, ஏன் யோசிக்கிறீர்?" என்றார் என் அறைத்தோழர் விக்னராஜா. ஆனால் காப்புறுதிக் கொம்பனியோ, சபையின் கணக்கு பிழை என்று வழக்குக்குப் போய்விட்டது. சில கிழமைகளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று இருவரும் மாநில அரசின் பணத்தைப் பொறுப்பாகப் பார்க்கும் திறைசேரிக்குப் போனோம். சபையின் கடனுக்கு அரசு பிணை நிற்பதால் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு அரசே முதலில் பணம் கொடுத்துவிடும், அதைப் பிறகு கொம்பனியிடம் அறவிடுவது அரசின் பொறுப்பு என்று அங்கிருந்த பெண் சொன்னாள். காசோலையையும் கையிலேயே தந்தாள்.

"பாத்தீரே, நான் அப்பவே சொன்னனான்!" என்று விக்னராஜா முதுகில் தட்டினார். வாசல் படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இன்று காலை உங்கள் பயணச்சீட்டுகளுக்குப் பணம் கட்டிவிட்டேன். வைகாசியில் நீங்கள் வரும்போது இங்கே குளிர் தொடங்கிவிடும், சப்பாத்து வாங்கி வைக்க வேண்டும். பிள்ளைகளின் பாதங்களைத் தாளில் வைத்து வரைந்து உடனே அனுப்பும். கடையில் சின்னவனுக்கு என்ன அளவு என்று கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிறது.

உமது
நவரத்தினம்