போன்மேல் ஒட்டிய வெள்ளி

புதன், இரவு.

நாளை பெங்களூரில் ஒரு கம்பெனியில் காட்டுவதற்காக லேபிலிருந்து ஒரே ஒரு பிலிம் கொண்டுவந்தேன். பார்க்க வெறும் கண்ணாடித்தாள். அதன்மேல் முடியைவிட மெல்லிய வெள்ளிக் கம்பிகள் வலைபோலப் படிந்திருக்கின்றன. மடக்கினாலும் கரண்ட் ஓடும். மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், என் வீட்டுக்காரர் அதை என் போன்மேல் வைத்து, நாலு ஓரமும் டேப் போட்டு, என் ரயில் பாஸால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கிறார்!

"ஸ்கிரீன் கார்டுன்னு நெனச்சேம்மா. போன்ல ஒடைஞ்ச கண்ணாடி உன் விரல அறுக்குதே. ஆனா இப்ப தொட்டா ஒண்ணும் நடக்கல."

"எப்படி நடக்கும்? மேல பூரா வெள்ளிங்க, விரல் பட்டா போனுக்கு எப்படித் தெரியும்!" என்று கத்திவிட்டேன்.

"வெள்ளியா? எங்க கீது?"

டேப்பைப் பிரித்து, பிலிமை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு, பேக்டரி எலக்ட்ரீஷியன் ஆயிற்றே, இரண்டு பேட்டரி செல்லும் சீரியல் செட் பல்பு ஒன்றும் எடுத்துவந்து பிலிமோடு சேர்த்தார். பல்பு எரிந்தது. மடக்கினார், எரிந்தது. திரும்பத் திரும்ப மடக்கிச் சிரித்தார். நான்தான் பிடுங்கி வைத்தேன்.

ஒரு மூலையில் மட்டும் அவர் கட்டைவிரல் ரேகை. வேர்வை பட்டால் வெள்ளி கறுத்துவிடும். அந்த மூலையை வெட்டி எடுத்தேன். குப்பையில் போட மனசு வரவில்லை.

ரயில் பாஸ் உறைக்குள் வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது.