வெங்காயம் சிவக்கும் வரை

சிதம்பரம்,
2.2.2025

என் வீட்டு மகாராணி ரத்தினத்துக்கு உன் மாமா சுப்பராயலு கைப்பட எழுதுவது.

இங்கே நான் சௌக்கியத்துக்கும் ஒருபடி மேல். உன் வாய் எப்படி இருக்கிறது என்று முதலில் சொல். பல் அத்தனையும் பிடுங்கிய இடம் ஆறியதா? புதுப் பல்செட் எப்போது தருகிறார்களாம்? ஒரு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று உன் தங்கை வீட்டுக்குப் போனவள், பொங்கலையும் கடலூரிலேயே முடித்துவிட்டாய். இங்கே நான் பொங்கல் வைத்தேன், நாலு தெரு ஜனம் வாசலில் நின்றது. அது வேறு கதை.

வீட்டில் இருப்பது ஒரு ஃபோன். அதையும் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாய். தில்லையம்மாள் நம்பருக்கு அடித்தால், "அக்கா பேச மாட்டேங்குது மாமா. லெட்டர் போடச் சொல்லுது. எழுதுனா கை வலிக்கும், கை வலிச்சா புளுகு கொறையும்னு சொல்லுது" என்கிறாள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். எழுதுவதற்கு நானா பயப்படுவேன்? ஏழாவதோடு நின்றாலும், என் கையெழுத்தைப் பார்த்து எங்கள் வாத்தியார், இவன் கலெக்டர் ஆகாமல் விட மாட்டான் என்றார். கலெக்டர் ஏறுகிற பஸ்ஸுக்குக் கண்டக்டராகவாவது ஆனேன் இல்லையா?

இன்னொன்றும் தில்லை சொன்னாள். அவள் மருமகள் அனுப்பிரியா உருளைக்கிழங்கை வெண்ணெய் போல மசித்து, மேலே வெங்காயத்தைச் சிவக்க வதக்கிப் போட்டுக் கொடுத்தாளாம். நீ இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயாம். நம் வீட்டில் நீ எதையும் இரண்டாம் தடவை கேட்டதாக எனக்கு நினைவு இல்லை.

அது என்ன பெரிய வித்தை? நான் சர்வீசில் இருந்தபோது பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுத் துரை என் வண்டியில் ஏறி, ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அந்தப் பக்குவத்தை முழுசாக எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பி.முட்லூரில் இறங்கிப் போனார். எந்த பாஷையில் என்று மட்டும் கேட்காதே. நீ வா. நான் செய்து போடுகிறேன். அனுப்பிரியா செய்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று சொல்வாய்.

தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறேன். டிரைவர் பசங்கள் என்னைக் கேட்காமல் வண்டியை எடுப்பதில்லை.

வழி பார்க்கிற,
சுப்பராயலு

*

கடலூர்,
7.2.2025

மாமாவுக்கு ரத்தினம் எழுதுவது.

வீக்கம் வடிந்துவிட்டது. ஈறு நன்றாக ஆறிய பிறகுதான் பல்செட்டுக்கு அளவெடுப்பார்களாம். அதுவரை கஞ்சி, ரசம் சாதம், இட்லி.

அந்தக் கிழங்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு இந்த வீட்டில் கோழி வறுத்திருந்தார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கஞ்சி டம்ளரோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அனுப்பிரியா பார்த்துவிட்டு, "இருங்க பெரியம்மா, உங்களுக்கும் தொட்டுக்க ஒண்ணு பண்றேன்" என்று எழுந்து போனாள். அவள் சாப்பாடு ஆறியது. அதனால்தான் இரண்டாம் தடவை கேட்டேனோ என்னவோ.

நீங்கள் செய்து பார்க்கிறவராக இருந்தால் துரை சொன்னதை விட்டுவிட்டு அவள் சொன்னதைக் கேளுங்கள். கிழங்கைத் தோலோடு வேகவைக்க வேண்டும். சூட்டோடு உரித்து, சூட்டோடு மத்தால் மசிக்க வேண்டும். மிக்சி கூடவே கூடாது. பாலைச் சுடவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள், அவ்வளவுதான். பெரிய வெங்காயத்தை மெலிசாக அரிந்து, அடுப்பைச் சிறுசாக வைத்து, பக்கத்திலேயே நின்று கிளற வேண்டும். சர்க்கரை போடக் கூடாது. வெங்காயமே இனிக்கும். புளி நிறம் வரும்வரை பொறுமை வேண்டும். முக்கால் மணி, ஒரு மணி ஆகும். கடுகு தாளிக்காதீர்கள். உங்களால் கடுகு தாளிக்காமல் இருக்க முடியாது, தெரியும்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபோனை ஏன் வைத்துவிட்டுப் போனேன் என்று கேட்கவில்லை.

ரத்தினம்

*

சிதம்பரம்,
17.2.2025

ரத்தினத்துக்கு, வெற்றி வாகை சூடிய சுப்பராயலு எழுதுவது.

செய்துவிட்டேன்! சாதாரணமாகச் செய்யவில்லை. மூன்று கிலோ உருளைக்கிழங்கு. வாசனை கீழவீதி வரை போய்விட்டது. டீக்கடை பக்கிரி கடையைப் பாதியில் மூடிவிட்டு ஓடிவந்தான். "யோவ் கண்டக்டரே, இத்தினி நாளா இந்தக் கைய எங்கய்யா ஒளிச்சி வச்சிருந்தே?" என்று கேட்டு, ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் விட்டான். தெருவே வந்து சாப்பிட்டது. யூனிவர்சிட்டியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன கலியமூர்த்தி சார் கிண்ணத்தை வழித்துவிட்டு, இதைப் பாடமாகவே வைக்கலாம் என்றார்.

நீ சொன்ன மத்து நம் வீட்டு அவசரத்துக்கு ஆகாது. மிக்சியில் ஒரே சுற்று சுற்றினேன், பட்டு மாதிரி வந்தது. வெங்காயம் சீக்கிரம் சிவக்கட்டும் என்று ரெண்டு கரண்டி சர்க்கரை. மேலே கொஞ்சமாகக் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை. அது இல்லாமல் ஒரு பதார்த்தத்தை எப்படி நாலு பேர் முன்னால் வைப்பது?

முக்கியமான சங்கதி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நம் எழிலன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். "அம்மாவுக்குப் பல்லு வலி போச்சாப்பா? ஊட்டுக்கு வந்துடுச்சா?" என்று ரொம்ப விசாரித்தான். வேலை ஜாஸ்தியாம். அதனால்தான் உன்னோடு பேச முடியவில்லையாம். அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னான்.

அவனுக்காகவாவது வந்துவிடு. கட்டிலில் உன் பக்கத்து ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. திறந்தால் கொசு.

உன்,
சுப்பராயலு

*

கடலூர்,
22.2.2025

மாமாவுக்கு,

மிக்சியில் அடித்தால் உருளைக்கிழங்கு பசையாகிவிடும். சுவரில் போஸ்டர் ஒட்டலாம். தெரு முழுக்கப் பசையையா வழித்துத் தின்றது? அனுப்பிரியாவிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், எழிலன் பேர் வருகிற வரைக்கும்.

அதற்குப் பிறகு அவளை உள்ளே அனுப்பிவிட்டேன்.

நீங்கள் கேட்காததை நானே சொல்கிறேன். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் நீங்கள், "இப்பத்தான் வச்சான் ரத்தினம். உன்னதான் கேட்டான். ஒரு நிமிஷத்துல உட்டுட்டியே" என்றீர்கள். ஃபோன் என் கூடையில் இருந்தது மாமா, கத்தரிக்காய்க்கு அடியில். மறதியாக எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஃபோனை எடுத்து அலமாரியில் வைத்தேன். உங்களுக்கு எதிரில்தான் வைத்தேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டும், அவனுக்குச் சம்பளம் ஏறின கதையைச் சொல்லி முடித்தீர்கள்.

அவன் எப்போதும் நான் வெளியே போன நேரத்தில்தான் கூப்பிட்டிருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. போன வருஷம் அவனுக்குச் சளி, இருமல் என்றீர்கள். நான் ராத்திரி தூங்காமல் கிடந்து, அவனுக்காக வேண்டிக்கொண்டு வடலூர் போய் வந்தேன். யாருக்கும் வராத சளிக்கு.

பல் பிடுங்கியது ஒரு சாக்கு. அந்த வீட்டில் இனி நீங்கள் எதைச் சொன்னாலும் இது நடந்ததா, நடக்கவில்லையா என்று பார்த்துக்கொண்டே எப்படிச் சாப்பிடுவேன்?

இங்கே எனக்கு ஃபோன் இல்லை. தங்கை வீட்டு நம்பர் அவனுக்குத் தெரியாது. அதனால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு நிம்மதிதான். நிம்மதி என்று எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

ஒரே ஒரு கடிதம் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கிழங்கு எப்படி வந்தது என்பதிலிருந்து எல்லாம். முடியாவிட்டால் எழுத வேண்டாம். நானும் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

ரத்தினம்

*

சிதம்பரம்,
9.3.2025

ரத்தினத்துக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

முதல் தடவை செய்தது பசையாகத்தான் ஆயிற்று. மூன்று கிலோ இல்லை, அரைக் கிலோ. கரண்டியைத் தூக்கினால் கிண்ணமும் கூட வந்தது. சர்க்கரை கருகி, வெங்காயம் கசந்தது. பக்கிரி வரவில்லை. நான்தான் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். "என்னா கண்டக்டரே, பந்தலுக்குக் காகிதம் ஒட்டப் போறியா?" என்றான். கலியமூர்த்தி சார் பாடமாக வைக்கலாம் என்று சொல்லவில்லை. அவர் பிள்ளை வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. பொங்கலும் நான் வைக்கவில்லை. எதிர் வீட்டில் கொடுத்தார்கள்.

பிரெஞ்சுத் துரை ஒருவர் வண்டியில் ஏறியது நிஜம். பி.முட்லூர் என்று டிக்கெட் கேட்டார், கொடுத்தேன். வேறு ஒன்றும் பேசவில்லை.

நேற்று மறுபடியும் செய்தேன். நீ எழுதியிருந்தபடியே. தோலோடு வேகவைத்து, கை சுடச் சுட உரித்து, மத்தால் மசித்தேன். பாலும் வெண்ணெயும் விட்டேன். நாலு வெங்காயம் அரிந்தபோது வாணலி நிறைய இருந்தது. அடுப்பைச் சிறுசாக வைத்துப் பக்கத்திலேயே நின்றேன். பேச்சுக்கு ஆள் இல்லாமல் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நான் நின்றதே இல்லை. வெங்காயம் சுருங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு பிடிகூட இல்லை. அது சுருங்கச் சுருங்க எனக்கு என்னமோ போல இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. ஆனால் இனித்தது ரத்தினம், சர்க்கரை போடாமலே. கை கடுகு டப்பாவுக்குப் போயிற்று. திரும்ப எடுத்துக்கொண்டேன்.

ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டேன். பாதிதான் சாப்பிட முடிந்தது. மீதியை மூடி வைத்துவிட்டு, காலையில் அதையே சாப்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் போவது டிரைவர் பசங்களுக்கு யோசனை சொல்ல இல்லை. அவர்களுக்கு என்னைத் தெரியாது. கடலூர் வண்டியிலிருந்து நீ இறங்குகிறாயா என்று பார்க்கத்தான் போகிறேன்.

ஃபோனைத் தினமும் சார்ஜ் போட்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். எழிலன் கூப்பிடவில்லை. நான் அவனுக்கு அடித்துப் பார்த்தேன். ரிங் போகிறது. இந்த ஞாயிறும் கூப்பிடவில்லை. போன ஞாயிறும் கூப்பிடவில்லை. அதற்கு முன்னாலும் இல்லை.

அவன் கூப்பிட்டானா என்று சாப்பிடும்போது நீ என் முகத்தைப் பார்ப்பாய். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவ்வளவுதான்.

சுப்பராயலு

*

கடலூர்,
14.3.2025

மாமாவுக்கு ரத்தினம் எழுதுவது.

கடிதம் வந்தது. அனுப்பிரியாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

நேற்றுப் பல்செட் போட்டார்கள். வாயில் யாரோ அந்நிய ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கெட்டியாக எதையும் இப்போதைக்குக் கடிக்க வேண்டாம் என்றார்கள். அதனால் கிழங்கு இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டியிருக்கும்.

புதன்கிழமை காலையில் இங்கே ஏறுகிறேன். நீங்கள் எப்படியும் பஸ் ஸ்டாண்டில்தானே இருப்பீர்கள், சாயங்காலத்துக்குப் பதிலாகப் பகலில் வாருங்கள். வெங்காயம் ஒரு கிலோவாக வாங்கி வையுங்கள். நாலு வெங்காயம் இரண்டு பேருக்குக் காணாது. அரிந்து மட்டும் வையுங்கள், அடுப்பில் ஏற்ற வேண்டாம். நின்று கிளற இரண்டு பேர் இருந்தால் மாற்றி மாற்றிக் கிளறலாம், அடிப்பிடிக்காது. என் பக்கத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொசு கடித்தால் கடிக்கட்டும்.

இன்னொரு சங்கதி. ஞாயிற்றுக்கிழமை எழிலன் என்னைக் கூப்பிட்டான். எந்த ஃபோனில் என்று மட்டும் கேட்காதீர்கள். "அப்பா தனியா என்னாம்மா பண்றாரு, ஒழுங்கா சாப்புடறாரா?" என்று விசாரித்தான். அதற்கென்ன, நன்றாகச் சாப்பிடுகிறார், உருளைக்கிழங்கு மசித்து வெங்காயம் வதக்கிப் போட்டாராம், தெருவே வந்து சாப்பிட்டதாம் என்று சொன்னேன். அடிப்பிடித்ததைச் சொல்லவில்லை. ரொம்பச் சந்தோஷப்பட்டான்.

ரத்தினம்