மச்சானின் கழுத்தில் வேட்டைக் கத்தி

இன்று அலமாரியைச் சுத்தம் செய்தபோது உங்கள் வீட்டுச் சாணைக்கல்லைச் சுற்றியிருந்த துணி அவிழ்ந்தது. தையல் மெஷின் எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்து காறிப்போன வாடை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது மச்சான். துணியை மறுபடி சுற்றாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பல வருடங்களுக்கு முன் உங்கள் தங்கை என்னோடு சண்டை போட்டுக்கொண்டு நீலசந்திராவில் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தேன் என்பது குற்றச்சாட்டு. சுவரில்தானே எறிந்தேன்? நீங்கள் வக்கீல், அந்த வேறுபாடு உங்களுக்குப் போதவில்லை. ஞாயிறுதோறும் அவளை அழைத்துப்போக பொம்மனஹள்ளியிலிருந்து பஸ்ஸில் வருவேன். நீங்கள் அவளைக் கூப்பிட மாட்டீர்கள். "உட்காருங்க மாப்ளே" என்று ஒரு வேட்டைக் கத்தியையும் கல்லையும் என் முன்னால் நகர்த்துவீர்கள்.

உங்கள் தாத்தா காட்டிலாகாவில் இருந்த காலத்துக் கத்திகள். வேட்டை நின்று தலைமுறைகள் ஆகியும் ஆயுத பூஜைக்கு அவற்றைச் சவரக் கத்தியின் கூருக்குத் தீட்டுவது உங்கள் வீட்டு வழக்கம். தீட்டியவன் அதே கத்தியால் வீட்டுத் தலைவனுக்குச் சவரம் செய்த பிறகுதான் அது பூஜைக்குப் போகும். அந்த வருடம் தீட்டும் வேலை எனக்கு என்று நீங்களே முடிவு செய்தீர்கள். அவளை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டால், பூஜை அன்றைக்குப் பார்க்கலாம் என்பீர்கள்.

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன் நான். கல்லின்மேல் கத்தியைச் சாய்வு மாறாமல் பிடிப்பது சீக்கிரம் கைவந்தது. அழுத்தம்தான் அடங்கவில்லை. "கத்தி மேல என்ன கோபம்? கல்லுதான் தேயுது" என்பீர்கள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் அவளுக்கும் கேட்கும்படி. ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் மயிரிழை போல ஒரு பிசிறு மடங்கி நிற்கும். தோல் வாரில் இழுத்து அதை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பழகாத கட்டைவிரலுக்குக் கூர் மாதிரி தெரியும். தோலில் வைத்தால் கிழிக்கும்.

பூஜை அன்று கூடம் நிறைய உங்கள் சொந்தங்கள். தாடையில் சோப்பு நுரையோடு நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்தீர்கள். "வக்கீலே, உயில் எழுதிட்டு உட்காருப்பா" என்றார் உங்கள் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

காதுக்குக் கீழே கத்தியை வைத்து லேசாக இழுத்தேன். வழுக்கவில்லை, சிக்கியது. பிசிறு.

ஒப்புக்கொண்டால் கூடமே சிரிக்கும், அவளை அனுப்பாமலிருக்க உங்களுக்கு இன்னொரு காரணம் கிடைக்கும். ஒப்புக்கொள்ளாமல் இழுத்தால் ரத்தம். கத்தியின் கீழே உங்கள் கழுத்து நரம்பு துடிப்பது என் விரல்வரை தெரிந்தது. உங்கள்மேல் எனக்கிருந்த வெறுப்பு முழுவதும் அப்போது என் மணிக்கட்டில் இருந்தது.

"பிசிறு போகல மச்சான். இன்னும் வார்ல இழுக்கணும்."

நீங்கள் அசையாமல் கண்ணை மட்டும் திறந்தீர்கள். "தெரியும். காலையிலேயே தொட்டுப் பாத்துட்டேன்." பிறகு உள்ளே நின்ற தங்கையைப் பார்த்து, "பாப்பா, உன் துணிமணிய எடுத்து வை" என்றீர்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு வெளியே பார்த்தபடி, "அண்ணன் தொட்டுப் பாத்தப்ப நானும் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள்.

என்னை நம்பிக் கழுத்தை நீட்டிய மனிதர் என்று உங்கள் சொந்தங்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அது நம்பிக்கை அல்ல, விசாரணை. தங்கையைச் சாட்சிக்கு நிறுத்தி நடத்திய விசாரணை. அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் கோபம் ஏறும்போதெல்லாம் கத்தி சிக்கிய அந்த உணர்வு கையில் தட்டுகிறது, நின்றுவிடுகிறேன். இதற்காக உங்களுக்கு நன்றி சொல்லப்போவதில்லை.

நான் பிசிறைச் சொல்லாமல் இழுத்திருந்தால் கழுத்தை நகர்த்தியிருப்பீர்களா? ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நினைவோடுதான் இருந்தீர்கள். பக்கத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்த நேரங்களும் உண்டு. கேட்கவில்லை. நகர்த்தியிருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டிருந்தால், உங்களை வெறுக்க என்னிடம் எதுவும் மிஞ்சியிருக்காது.