பின்சீட்டில் வந்த புகை

அப்பா,

இன்று சாயங்காலம் டியூஷன் முடிந்து ஓசூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்றிருந்தேன். என் முன்னால் ஒரு பழைய வெள்ளைக் கார், இன்ஜினை அணைக்காமல் யாருக்காகவோ காத்திருந்தது. புகை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கண் எரிந்தது. பச்சைப் பெட்ரோலோடு ஏதோ கருகியது போன்ற அந்த வாடை. பக்கத்தில் நின்ற யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தக் காரின் அடிவயிற்றில் ஒன்றுமில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது. உடனே உங்களோடு பேசவேண்டும் போலிருந்தது.

நம் நீலக் காரைப் பலபேர் கைமாறிய பிறகுதான் நீங்கள் வாங்கினீர்கள். சூளகிரியிலிருந்து ஓசூர் வரை நெடுஞ்சாலையில் குழந்தை போல ஓடும். அஞ்செட்டி மலைப்பாதையில் ஏறச் சொன்னால் மட்டும் திணறி நின்றுவிடும். நமக்கோ மலையேறாமல் முடியாத வருஷம் அது. உங்கள் தங்கை, நாட்றாம்பாளையத்து அத்தை, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து மாசமாக இருந்தார். மாதா மாதம் ஓசூருக்கு வந்து காட்டவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யானை இறங்கும் காலத்தில் மாமாவால் ராகிக்காட்டை விட்டு நகர முடியாது. "நான் இருக்கேன்ல, கூட்டிட்டு வரேன்" என்றீர்கள்.

கார் இழுக்காததற்குக் காரணம் கன்வர்ட்டர் என்று மெக்கானிக் சொன்னார். இன்ஜினிலிருந்து வரும் நச்சுப்புகையைச் சுத்தம் செய்து அனுப்புகிற தகர உருளை. அதன் உள்ளே தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக ஒரு கல் இருக்கும், அது அடைத்துவிட்டதாம். "புதுசு எதுக்கு? கல்லைக் குத்தி எடுத்துட்டு வெறும் டப்பாவ மாட்டிடலாம். வெளியில பாத்தா யாருக்கும் தெரியாது. ஏனு ஆகல்லா அண்ணா, ஒண்ணும் ஆகாது" என்று கன்னடத்தையும் தமிழையும் கலந்து தைரியம் சொன்னார். நீங்களும் சரி என்றுவிட்டீர்கள்.

உங்கள் கம்பெனியில் உங்களோடு ஒரே லைனில் நிற்கும் முனியப்பா மாமாவுக்கு அன்று சிரிப்பு அடங்கவில்லை. "ஏய்யா, ஷிப்டு பூரா டப்பாக்குள்ள கல்லைத் திணிக்கிற. வெளிய வந்து காசு குடுத்து அதையே குத்தி எடுக்கிறயா?" ஆமாம், நீங்கள் செய்த வேலையே அதுதான். நாட்டில் எங்கெங்கோ ஓடும் புதுக் கார்களுக்கெல்லாம் அந்தக் கல்லை வைத்து மூடுகிறவர் நீங்கள். "அது புது வண்டிக்கு. இந்தக் கிழவனுக்கு எதுக்கு?" என்று நீங்களும் சிரித்தீர்கள்.

கார் மலையேறியது. அதில் உங்களுக்கு இருந்த சந்தோஷம் எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாம் கியரில் வளைவு திரும்பும்போதெல்லாம் கண்ணாடியில் என்னைப் பார்ப்பீர்கள். நீங்கள் உங்கள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவீர்கள். பின்னால் நானும் அத்தையும் குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு முறையும் அத்தை வழியிலேயே வாந்தி எடுப்பார். மாசமாக இருப்பவர் வாந்தி எடுத்தால் யார் யோசிக்கப்போகிறார்கள்?

மூன்றாவது முறை டாக்டரைப் பார்த்துவிட்டு நம் வீட்டுக்கு வந்ததும் அத்தை சுருண்டு படுத்துவிட்டார். "மசக்கை இவளுக்கு இன்னும் விடல" என்றார் அம்மா.

"எனக்கும்தான் குமட்டுது, தலை வலிக்குது. நானும் மாசமாவா இருக்கேன்?" என்றேன்.

அம்மா கரண்டியோடு திரும்பினார். "வாயைப் பாரு! எட்டாங்கிளாஸ் படிக்கிற புள்ள பேசற பேச்சா இது?" படுத்திருந்த அத்தை அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். நீங்களும் சிரித்தீர்கள். "ஓடற வண்டியில கதைப்புத்தகத்துல தலைய விட்டுக்கிட்டே வந்தா வலிக்காம என்ன செய்யும்?"

"இன்னிக்கு நான் புத்தகமே எடுத்துட்டு வரலப்பா."

உங்கள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் அதை ஒரு பதிலாக மட்டும்தான் எடுத்துக்கொண்டிருப்பார். அந்தக் கல் எதைத் தடுக்கிறது என்று தினமும் அதைத் தொடுகிற உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் முனியப்பா மாமாவை ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்சீட்டில் ஏறி எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி வரை போய்வந்தீர்கள். இறங்கும்போது உங்கள் முகம் வெளுத்திருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் காருக்கு அடியில் படுத்து, வெறும் டப்பாவைத் திருப்பி ஒட்டிய இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தீர்கள். இன்ஜினைப் போட்டதும் குமிழ் குமிழாக வந்தது. மெக்கானிக் வைத்த வெல்டிங்கில் ஓட்டை. சுத்தமாகாத புகை அந்த வழியாகத் தரைத்தகட்டின் இடுக்கில் ஏறி, நேரே பின்சீட்டுக்கு வந்திருக்கிறது.

அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து நீங்கள் பேசியதை நான் வாசலில் நின்று கேட்டேன்.

"உனக்கு இவ்வளவு வாந்தி வந்தது புள்ளையால மட்டும் இல்லம்மா. நான் பண்ணி வச்ச வேலையால."

"அட விடுண்ணா. நீ வரலன்னா எனக்கு அங்க யாரு இருக்கா? கார்ல கொஞ்சம் வாடை அடிச்சா என்ன இப்போ? பரவால்ல."

"நீ பரவால்லன்னு சொல்லுவேன்னு தெரியும். அதனாலதான் உனக்கு எப்படி இருக்குன்னு நான் கேக்காமயே இருந்துட்டேன்."

அன்றைக்கே அத்தையைத் திரும்ப டாக்டரிடம் கூட்டிப்போய், நடந்ததை ஒன்று விடாமல் நீங்களே சொன்னீர்கள். உடனே பரிசோதித்துவிட்டு, "குழந்தைக்கு இப்போதைக்குப் பாதிப்பு ஒன்றும் தெரியவில்லை, பொறுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர். மீதி மாதங்களை அந்தச் சொல்லோடுதான் கடத்தினீர்கள். காருக்குப் புது கன்வர்ட்டர் போடும் வரை லீவு எடுத்து அத்தையோடு பஸ்ஸில் போய்வந்தீர்கள். இரவில் சாப்பாட்டுத் தட்டின் முன் அப்படியே உட்கார்ந்திருப்பீர்கள். பையன் பிறந்து, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதபோது, நீங்கள் மருத்துவமனைப் படிக்கட்டில் இறங்கிப்போய்த் தனியாக நின்றீர்கள். நான் பின்னால் வரவில்லை. வந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் நெஞ்சுவலிக்கு அப்படிப் பொறுத்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

நீங்கள் போன பிறகு அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். பழைய மெக்கானிக் வந்து, "அக்கா, அந்த கன்வர்ட்டருக்கு நல்ல விலை இருக்குது, கழட்டிக் குடுத்துடட்டுமா? வண்டி பாட்டுக்கு ஓடும்" என்று கேட்டார். "நீ போய் டயருக்குக் காத்தடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார் அம்மா.

போன வாரம் நாங்கள் இருவரும் அத்தை வீட்டுக்குப் போனோம். பையன் ராகிக்களத்தில் கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தான். "எப்படி இருக்கீங்க அத்தை?" என்றேன். "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்பெல்லாம் அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது போதவில்லை அப்பா. கிட்டே போய் உட்கார்ந்து, இன்னொரு தடவை கேட்டேன்.

அத்தை அடுப்பைக் குறைத்தார். பிறகு வெகுநேரம் உங்களைப் பற்றிப் பேசினார்.