நடுவில் இருந்த ஸ்விட்ச்

அன்புள்ள அத்தாவுக்கு, உஸ்மான் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் நலம். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

சிறுசேரி அலுவலகத்தில், ஒரு கட்டடத்து நெட்வொர்க்கில் போய்வரும் தகவலை நகலெடுத்து, கண்காணிப்பதற்காக அடுத்த கட்டடத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அதை முடித்தால் பெருநாளுக்கு லீவு என்றார் மேலாளர் பத்ரி சார். நகல் போய்ச் சேரவில்லை. தகவலைக் கடத்திவிடும் பெட்டிகளுக்கு ஸ்விட்ச் என்று பெயர். மூன்று நாள் இரு முனை ஸ்விட்சுகளையும் சோதித்தேன். இரண்டும் நலம் என்றே காட்டின. நடுவில் இருந்த மூன்றாவது ஸ்விட்ச்தான் நகலை மறித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு வரிக் கட்டளை சேர்த்தேன். எல்லாம் ஓடியது.

"சூப்பர் உஸ்மான்! ஆனா இதைப் பாத்துக்க வேற யாருக்கும் தெரியாதே. ரம்ஜானை அடுத்த வாரம் வெச்சுக்கலாமே?" என்றார் பத்ரி சார். பிறையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. "சரி சார்" என்றேன்.

தைத்து வைத்த பெருநாள் சட்டையை ஊரப்பாக்கம் அறைக்குக் கூரியரில் அனுப்புங்கள். பெருநாளன்று அதை உடுத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறேன்.

போனில் நீங்களும் நலம் என்கிறீர்கள், நானும் நலம் என்கிறேன். அம்மா எழுந்து நடக்கிறார்களா இல்லையா என்பதை மட்டும் உள்ளபடி எழுதுங்கள். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உஸ்மான்